கிரெஸ்வெல் எஜமானோட முப்பது பல்

டிசம்பர் மாசம். சாயங்காலம் நாலு மணி. நம்ம பக்கத்துல டிசம்பர்ல நாலு மணின்னா எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டாம்... வெளிச்சம் போயிருக்கும், விளக்கேத்த இன்னும் மனசு வராது. எல்டர்லோ மேட்டு ரோடு. ரெண்டு பக்கமும் கல் சுவர். சுவருக்கு அந்தாண்ட அறுத்துப் போட்ட வெறும் வயல். ஒரு ஈ காக்கா கிடையாது. அந்த ரோட்டுல ஹெஸ்டர் ஒத்தையா நடந்து வர்றா.

ஏய் சைலஸ்... அந்தக் கொட்டையைக் கடிக்கிறதைக் கொஞ்சம் நிறுத்துறியா? இந்தக் கதைக்கு அந்தச் சத்தம் ஆகாது. ஏன்னு போகப் போகத் தெரியும்.

ஹெஸ்டர் யாருன்னா, என் சிநேகிதி டோர்க்காஸ் இருக்காளே, அவளோட பெரியம்மா. டோர்க்காஸ் பொய் சொல்ற ஆள் இல்லை. சொன்னாலும் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். இது நடந்தது ஆயிரத்து எழுநூத்து அறுபத்தி ரெண்டுல. அப்ப ஹெஸ்டர், மாஜிஸ்ட்ரேட் கிரெஸ்வெல் வீட்டுல சமையல்காரி. பதினாலு வருஷமா அந்த அடுப்படிதான். அன்னிக்கு அவ வர்றது ஜெயில்லேர்ந்து. தங்கச்சி ஜூடித் உள்ளேயே செத்துட்டா. அங்கேயே மண்ணுக்குள்ள வெச்சுட்டு, அவளோட கத்தரிக்கோலையும் நூல்கண்டையும் ஒரு துணியில முடிஞ்சு எடுத்துட்டு வர்றா.

பின்னால ஒரு சத்தம்.

சர்ர்... சர்ர்... காஞ்ச கதிர்த்தாளை மிதிக்கிற சத்தம். நடக்குது. நிக்குது. மறுபடி நடக்குது.

திரும்பிப் பாத்தா, சுவருக்கு அந்தாண்ட வயல்ல ஒரு பொம்பளை. இடுப்பு ஒடியக் குனிஞ்சு, தரையைத் தடவித் தடவி ஏதோ பொறுக்குறா. எடுப்பா... கண்ணுகிட்ட கொண்டு போய்ப் பாப்பா... கீழ போட்டுடுவா. அடுத்ததை எடுப்பா.

"யாரும்மா அது? டிசம்பர்ல கதிர் பொறுக்க வயல்ல என்ன இருக்கு?"ன்னா ஹெஸ்டர்.

அவ நிமிர்ந்தா. ஈர வைக்கோல் நாத்தம் குப்புன்னு வந்துச்சு... ஜெயில்ல காலையில அடிச்ச அதே நாத்தம். ஜூடித். முப்பத்தொரு வயசு ஜூடித், தொண்ணூறு வயசுக் கிழவி மாதிரி, வாய் உள்ளே ஒடுங்கிப் போய் நிக்கிறா. அக்காவைப் பாத்தா. மறுபடி குனிஞ்சு தேட ஆரம்பிச்சுட்டா.

ஹெஸ்டர் பயந்தாளான்னா... இல்லை. சுவர்மேல தலையை வெச்சு அழுதா. ஏன்னா தங்கச்சி எதைத் தேடுறான்னு அவளுக்குத் தெரியும்.

நம்ம ஜனங்க விழுந்த பல்லை என்ன பண்ணுவோம்? டப்பாவுல போட்டு வெச்சு, சாகும்போது பெட்டிக்குள்ள கூடவே வெப்போம். ஒரு பல் குறைஞ்சாலும் அதைத் தேடித்தான் அலையணும், தீர்ப்பு நாள் வரைக்கும் அலையணும். ஏழையோ பணக்காரனோ, அந்த விஷயத்துல எல்லாருக்கும் ஒரே பயம்தான். அன்னிக்குக் காலையில ஜெயில்ல, கடைசியா ஒரு முத்தம் குடுக்கலாம்னு ஹெஸ்டர் தங்கச்சியோட தாடையைக் கட்டியிருந்த துணியை அவுத்தா. வாய்க்குள்ள ஒரு பல் கூட இல்லை. ஈறெல்லாம் கிழிஞ்சு கிடக்கு.

"பல்லு எங்கே?"ன்னு கேட்டா.

"செத்தவளுக்குப் பல் எதுக்கு? லண்டன்ல பல் கட்டுறவங்க கேக்குறாங்க, அனுப்பிட்டோம்"னான் ஜெயில்காரன். கொட்டாவி விட்டுட்டே சொன்னான், பாவி.

சரி, ஜூடித் பண்ணின குத்தம் என்ன? கொலையா? கொள்ளையா? கையுறை தைச்சுப் பிழைச்சவ. புருஷன் இல்லை. அறுவடை முடிஞ்சா சிந்தின கதிரைப் பொறுக்க ஊர்ப் பொம்பளைங்களோட வரப்புல போய் நிப்பா. சர்ச் மணி அடிச்சாத்தான் வயல்ல இறங்கணும், அதான் வழக்கம். அன்னிக்கு நல்ல மூடுபனி. ஜூடித் மூணு நாளா சாப்பிடலை. டங்குன்னு மணி அடிச்சுது. முதல் அடியிலயே இறங்கி ஓடிட்டா. அது கதிர் மணி இல்லை. யாரோ கிழவர் செத்ததுக்கு அடிச்ச சாவு மணி. ஆம்பளைன்னா ஒன்பது, பொம்பளைன்னா ஆறு... சின்னக் குழந்தை கூட எண்ணிச் சொல்லும். வயித்துப் பசி எண்ண விடலை.

வயல் கிரெஸ்வெலோடது. வழக்கை விசாரிச்சதும் அதே கிரெஸ்வெல்தான். "மணி அடிச்சுது ஐயா... காதால கேட்டுட்டுத்தான் இறங்கினேன்"னு ஜூடித் திரும்பத் திரும்பச் சொன்னா. வேற ஒரு வார்த்தை அவ வாய்ல வரலை. திருட்டுன்னு எழுதி உள்ள தள்ளிட்டான். நாலாவது மாசம் பட்டினியில போய்ச் சேந்தா.

பிப்ரவரியில லண்டன்லேர்ந்து எஜமானுக்கு ஒரு பார்சல் வந்துச்சு.

கிரெஸ்வெலுக்கு அப்ப வாய்ல ஒரு பல் கிடையாது. ஆனா ஜம்பம் மட்டும் குறைச்சல் இல்லை. விருந்துன்னா என்ன பண்ணுவான் தெரியுமா? முதல்ல தனி அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்பான். ஹெஸ்டர் ஆட்டுக்கறியை அரைச்சு, ஜாதிக்காய் போட்டு, பால்ல ஊறின ரொட்டியோட கிண்ணத்துல வெப்பா. உறிஞ்சி உறிஞ்சி சாப்பிடுவான். அந்தச் சத்தத்தைக் கேட்டவ ஹெஸ்டர் ஒருத்திதான். வயித்தை நிரப்பிட்டு, பொய்ப்பல்லை மாட்டிட்டு, விருந்துக்குப் போய் உக்காருவான். கறியை வெட்டுவான், தட்டுல இப்படியும் அப்படியும் தள்ளுவான், ஒரு துண்டு வாய்ல வைக்க மாட்டான். வெச்சா பல் கழண்டு மடியில விழும். வந்தவங்க எல்லாம், "என்ன கட்டுப்பாடு பாருங்க நம்ம எஜமானுக்கு!"ன்னு மெச்சிட்டுப் போவாங்க.

பழைய செட்டு அழுகி நாறிப் போனதால புதுசு பண்ணச் சொல்லியிருந்தான். நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கின அடி. ரெண்டு ஓரத்துலயும் ஸ்பிரிங். முன்வரிசை மேலயும் கீழயும் அசல் மனுஷப் பல்லு. வினிகர்ல கழுவி வெக்கிறது ஹெஸ்டரோட வேலை. கிண்ணத்துல போட்டா. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா...

மேல் முன்பல்லுல ஒரு சின்னப் பள்ளம்.

தினம் நூலைப் பல்லால கடிச்சு அறுக்கிறவளுக்குப் பல்லு அப்படித் தேயும். இருபது வருஷம் ஒரே இடத்துல கடிச்ச பள்ளம். ஹெஸ்டருக்கு அதைத் தெரியாதா? அந்தப் பள்ளத்தைச் சொல்லித்தானே தங்கச்சியைக் கேலி பண்ணுவா. கிண்ணத்தை நெஞ்சோட அணைச்சுட்டு அப்படியே உக்காந்துட்டா.

தெரியாமத்தான் வாங்கியிருப்பார், சொன்னா குடுத்துடுவார்னு நெனைச்சா. பதினாலு வருஷம் சோறு போட்ட மனுஷன் இல்லையா. போய்க் கேட்டா.

"ஐயா... இது ஜூடித்தோட பல்."

"யார் ஜூடித்?"

பேர் கூட ஞாபகம் இல்லை, பாத்துக்குங்க.

"என் தங்கச்சி ஐயா. மணிக்கு முன்னாடி வயல்ல இறங்கினான்னு நீங்க ஜெயிலுக்கு அனுப்பினீங்களே."

கிரெஸ்வெல் சிரிச்சான். ஸ்பிரிங் கிறீச்சுன்னுச்சு. "ஓ... அந்தக் கதிர்க்காரியா! என் கோதுமையைத் தின்ன பல்லு என் வாய்க்கே வந்து சேந்துடுச்சு பாரு. சரியாத்தானே போச்சு?"

"குடுத்துடுங்க ஐயா. உங்க கால்ல வேணாலும் விழறேன். அவ தேடிட்டு அலையறா. நான் கண்ணால பாத்தேன்."

"தேடட்டும். அவளுக்குத்தான் குனிஞ்சு தேடிப் பழக்கமாச்சே."

சொல்லிட்டு, அவ முகத்துக்கு நேரா பல்லை டக்குன்னு கடிச்சுக் காட்டினான். ஜூடித்தோட பல்லை.

ஹெஸ்டர் அழலை. தலையைக் குனிஞ்சு, "சரிங்க ஐயா"ன்னுட்டு வெளிய வந்தா. வேலையை விட்டுட்டுப் போயிருப்பாள்னுதானே நெனைக்கிறீங்க? அதான் இல்லை. அடுப்படிக்குப் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கறி அரைச்சா. அரைக்கும்போதுதான் அந்த யோசனை வந்துச்சு.

கிரெஸ்வெல் படுக்கை ஓரத்துல ஒரு வெள்ளி டப்பா. உள்ளே அவனோட சொந்தப் பல், வயசான காலத்துல ஒண்ணொண்ணா விழுந்தது. மொத்தம் முப்பது. படுக்கறதுக்கு முன்னாடி டப்பாவைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாப்பான். கிலுகிலுன்னு கேக்கும். நிம்மதியா விளக்கை அணைப்பான். ஊரான் பல்லைப் பத்திக் கவலையில்லை, தன் பல்லு மட்டும் பத்திரமா இருக்கணும்.

அந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் சர்ச்சுக்குப் போனாங்க. ஹெஸ்டர் போகலை, தலைவலின்னுட்டா. மாடிக்குப் போய் டப்பாவைத் திறந்து ஒரு பல்லை எடுத்தா. அதுக்குப் பதிலா ஒரு காஞ்ச வெள்ளை மொச்சையைப் போட்டா. கீழே வந்து, இரும்பு உரல்ல வெச்சு இடிச்சா. டொக்... டொக்... டொக்... மாவாகிற வரைக்கும் இடிச்சா. ஜாதிக்காயோட சேத்து, கறியில கலந்து, கிண்ணத்துல வெச்சா.

"என்ன ஹெஸ்டர், இன்னிக்குக் கறி நறநறங்குது?"

"எலும்புத் தூள் ஐயா. உடம்புக்கு நல்லது."

சாப்பிட்டான். கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிட்டான்.

ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பல்லு. டப்பாவுல ஒரு மொச்சை. ராத்திரி டப்பாவை ஆட்டினா கிலுகிலுன்னுதான் கேக்கும், அவனுக்கென்ன தெரியும்?

ஒவ்வொரு பல்லுக்கும் ஜூடித் கொஞ்சம் கிட்ட வந்தா. முதல்ல ரோட்டுல இருந்தவ, ஈஸ்டர் சமயத்துல வாசக் கேட்டுக்கு வந்துட்டா. ஜூன்ல பேரிக்காய் மரத்தடி. ஆகஸ்ட்ல அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழ... சரளைக்கல்லை விரலால அளையுற சத்தம் கேக்கும். சரக்... சரக்... ஹெஸ்டர் ஜன்னலைத் திறக்க மாட்டா. உரலை இடிச்சுட்டே சொல்லுவா. "இன்னும் ஆறுதான்டி. பொறுத்துக்கோ." அடுத்த வாரம், "இன்னும் அஞ்சு."

அந்தக் கடைசி ஒண்ணை அறுவடை விருந்து அன்னிக்குன்னு எடுத்து வெச்சா.

விருந்து நாள். சூரியன் சாயுற நேரம். களத்து வீட்டுல நீள மேசை. அறுத்தவங்க, கட்டினவங்க, வண்டி ஓட்டினவங்க, எல்லாரும் உக்காந்திருக்காங்க. நடுவுல புதுக் கோதுமையில சுட்ட பெரிய ரொட்டி, கதிர்க்கட்டு மாதிரியே பண்ணினது. சூடு ஆறலை, வாசனை தூக்குது. கிரெஸ்வெல் வழக்கம்போலத் தனி அறையில தன் கடைசிப் பல்லைத் தின்னுட்டு, வாயைத் துடைச்சுட்டு, பொய்ப்பல்லை மாட்டிட்டு வந்து மேசைத் தலைப்பக்கம் உக்காந்தான். ஹெஸ்டர் ரொட்டிக் கத்தியோட அவன் பின்னாடி நிக்கிறா.

கோப்பையைத் தூக்கினான். "இந்த வருஷ விளைச்சலுக்கு..."ன்னு ஆரம்பிச்சான்.

டங்.

சர்ச் மணி. எல்லாரும் திரும்பி மணியடிக்கிற ஏபெலைப் பாத்தாங்க. ஏபெல் அங்கேதான் உக்காந்திருக்கான். கையில பீர்க் குவளை. வெளுத்துப் போய்த் தலையை ஆட்டுறான்... நான் இல்லை, நான் இல்லைன்னு.

ஹெஸ்டர் மட்டும் எண்ணினா. நாலு... அஞ்சு... ஆறு. நிக்கலை. ஏழு. எட்டு. ஒன்பது.

நின்னுடுச்சு.

கிரெஸ்வெலோட தாடை அசைய ஆரம்பிச்சுது. வாய்ல ஒண்ணுமே இல்லை. டக்... டக்... டக்... மெல்லுது. அவன் கண்ணு ரெண்டும் பிதுங்குது, தாடை அவன் பேச்சைக் கேக்கலை. விரலை உள்ள விட்டுப் பல்லைப் பிடுங்கப் பாத்தான். நறுக்! ரத்தம் மேசை விரிப்புல தெறிச்சுது. அப்புறம் அவன் அப்படியே ரொட்டிமேல கவுந்தான். கடிச்சான். ஒரு ரொட்டித் துண்டைக் கூட மெல்ல முடியாத மனுஷன், அந்தக் கதிர்க்கட்டு ரொட்டியைப் பிச்சுப் பிச்சு முழுங்குறான். கண்ணுல தண்ணி ஊத்துது. போதும் போதும்னு கையை ஆட்டுறான். வாய் நிக்கலை. ஒரு வருஷப் பசி... எப்படி நிக்கும்?

நடுவுல ஒரே ஒரு தடவை வாய் திறந்துச்சு. ரொட்டித் துணுக்கோட குரல் வந்துச்சு. பொம்பளைக் குரல்.

"மணி அடிச்சுது ஐயா... காதால கேட்டுட்டுத்தான் இறங்கினேன்."

அந்த மேசையில அந்தக் குரலைத் தெரியாதவங்க யாருமில்லை. ஒருத்தர் கூட எழுந்து போய்ப் பிடிக்கலை. கடைசி விள்ளல் வரைக்கும் உள்ள போச்சு. அப்புறம்தான் கிரெஸ்வெல் விழுந்தான். தொண்டை அடைச்சு, மூஞ்சி நீலம் பாரிச்சு, அங்கேயே முடிஞ்சுது.

உடம்பைக் கழுவினது ஹெஸ்டர்தான். வேற யாரும் கிட்ட வரலை. வாயைத் திறந்து செட்டை எடுத்தா. தந்தம் இருக்கு. ஸ்பிரிங் இருக்கு. முன்வரிசையில பல்லு இருந்த இடமெல்லாம் வெறும் ஓட்டை. ஒரு பல்லு கூட இல்லை.

ஜன்னல் பக்கம் திரும்பினா. ஜூடித் நிக்கிறா. குனியலை. நிமிர்ந்து, நேரா நிக்கிறா. அக்காவைப் பாத்துச் சிரிச்சா. அந்தப் பள்ளம் தெரிஞ்சுது. "போய் வாடி கண்ணு"ன்னா ஹெஸ்டர். அவ்வளவுதான், ஜன்னல்ல யாருமில்லை. ஹெஸ்டர் அன்னிக்குத்தான் வாய்விட்டு அழுதா, சந்தோஷத்துல.

அழுது முடிச்சு, பொணத்தோட காதுகிட்ட குனிஞ்சா. "தேடுங்க ஐயா. குனிஞ்சு தேடுங்க. போகப் போகப் பழகிடும்."

சொந்தக்காரங்க அந்த வெள்ளி டப்பாவை முறைப்படி பெட்டிக்குள்ள வெச்சாங்க. ஆட்டிப் பாத்தாங்க. கிலுகிலுன்னுச்சு. யாரும் திறக்கலை.

கதை முடிஞ்சுதுன்னுதானே நெனைக்கிறீங்க? இருங்க.

அடுத்த வருஷம் வசந்தத்துல அந்தச் சமாதிக் கல்லுல ஒரு விரிசல். விரிசல்லேர்ந்து ஒரு மொச்சைக் கொடி. எட்டடி ஆழத்துலேர்ந்து ஏறி வந்திருக்கு. ஆகஸ்ட்ல காய்ச்சுது. ஹெஸ்டர் போய் ஒரு காயைப் பறிச்சு உரிச்சா. உள்ளே மொச்சை இல்லை. ஈறு மாதிரி சிவப்பா இருக்கு... அதுல வெள்ளையா, முளைச்சும் முளைக்காம, பல்லு.

ஹெஸ்டர் கத்தலை. ஏப்ரனை விரிச்சு, ஒரு காய் விடாம பறிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா. எண்ணினா, மொத்தம் முப்பது பல்லு. உரல்ல போட்டு இடிச்சா. மறு வருஷமும் காய்ச்சுது. மறுபடி போனா. முத்துறதுக்கு முன்னாடி பறிச்சுடுவா. முப்பத்தஞ்சு வருஷம்... ஒரு வருஷம் தவறலை. ரோட்டுல சாயங்காலம் யாரோ உயரமா ஒரு ஆம்பளை, இடுப்பு ஒடியக் குனிஞ்சு தரையைத் தடவிட்டே போறதா வண்டிக்காரங்க சொல்லுவாங்க. ஹெஸ்டர் கேட்டுட்டுச் சிரிப்பா. "இன்னும் கிடைக்கலையாமா?"ன்னு விசாரிப்பா.

"விட்டுடேன் பெரியம்மா, அவனும் எத்தனை வருஷமாத்தான் அலைவான்"னு டோர்க்காஸ் ஒரு தடவை கேட்டுட்டா. கிழவி அவளோட ஒரு மாசம் பேசலை.

போன மார்ச்ல ஹெஸ்டர் செத்துப்போனா. எண்பத்தொரு வயசு. கிரெஸ்வெல் கிடக்கிற அதே சர்ச் கல்லறைத் தோட்டத்துல ஒரு ஓரமா வெச்சாங்க. தலைமாட்டுல ஓக் மரப் பலகை, பேர் எழுதினது. டோர்க்காஸ் அழுத அழுகையில மொச்சைக்கொடி ஞாபகமே வரலை.

செப்டம்பர்ல ஒரு நாள் திடுக்குன்னு ஞாபகம் வந்து ஓடினா. காயெல்லாம் முத்திக் காஞ்சு, தானா வெடிச்சுத் தொங்குது. ஒவ்வொண்ணா விரிச்சுப் பாத்தா. காலி. எல்லாம் காலி.

சரி, பெரியம்மா சமாதிக்காவது ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவோம்னு அந்த ஓரத்துக்குப் போனா. பலகை சாஞ்சு கிடக்கு. நிமித்தி வெக்கலாம்னு கையை வெச்சா... விளிம்புல ஏதோ பள்ளம் பள்ளமாத் தட்டுப்பட்டுச்சு. மண்ணைத் துடைச்சுட்டுப் பாத்தா. நல்ல வைரம் பாஞ்ச ஓக் மரம். ஆழமாக் கடிச்சு வெச்சிருக்கு.

டோர்க்காஸ் எண்ணிப் பாத்தாளாம்.

மேல பதினஞ்சு. கீழ பதினஞ்சு.